தூவானம் ஸ்டேஷனில் நிற்பவர்கள்

வேங்கைமேட்டில் பல் செட் செய்கிற பிலவேந்திரன் தன் லேப்பின் பின்னறையில் மலை ரயில் சங்கத்துக்காக ஒரு குட்டி ரயில்பாதை கட்டிக்கொண்டிருந்த மழைக்காலத்தில், மேசையின் உச்சியில் இருந்த தூவானம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சுண்டுவிரலின் ஒரு கணு உயரத்துக்கு ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். அவர்களை அவர் செய்யவுமில்லை, ஒட்டவுமில்லை, எங்கிருந்தும் வரவழைக்கவுமில்லை; காலையில் டீ டம்ளரோடு பின்னறைக்குப் போய் விளக்கைப் போட்டவருக்கு அவர்களைப் பார்த்ததும் வந்தது ஆச்சரியம் இல்லை, எரிச்சல்தான், ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலம்தான் அந்தப் பிளாட்பாரத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார், அது இன்னும் காயவில்லை, அதற்குள் இத்தனை பேர் செருப்புக் காலோடு அதில் நடந்து திரிந்திருந்தார்கள்.

எரிச்சலுக்கு அவரிடம் ஏற்கெனவே பஞ்சமில்லை. அதைப் புரிந்துகொள்ள அந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அடிவாரத்தில் மணலடி, நடுமலையில் வேங்கைமேடு, உச்சியில் தூவானம். சாதாரண ரயில் ஏறவே முடியாத செங்குத்து, அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் ரம்பம் மாதிரிப் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடும். இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும், தள்ளும்போது தன் வயிற்றுக்கடியில் இருக்கும் பல்சக்கரத்தால் அந்தப் பற்களை ஒவ்வொன்றாகக் கடித்துப் பிடித்துக்கொண்டு மேலே போகும். ஒரு ஐப்பசி மழையில் அம்மிப்பாறை வளைவில் மலை சரிந்து வந்து பாதையை மூடியது. மேல்பாதியைத் திரும்பக் கட்டுவதாகச் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே இருந்தார்கள், பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார்கள். மணலடியிலிருந்து வேங்கைமேடு வரை மிஞ்சிய கீழ்ப்பாதிக்குப் பாரம்பரியச் சின்னம் என்று பெயர் வைத்து, பித்தளைக் குமிழ்களைத் துலக்கி, சனி ஞாயிறுகளில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். தூவானத்தில் பிளாட்பாரம் இருந்த இடத்தில் இப்போது உண்ணிச்செடிதான் மண்டிக் கிடக்கிறது.

சங்கச் செயலாளர் ஞானப்பிரகாசம் ஓய்வுபெற்ற பேராசிரியர். வெயில் நாளிலும் மடக்கிய குடையோடு நடப்பார், எதையும் அந்தக் குடையின் நுனியால் சுட்டித்தான் பேசுவார். ஸ்டேஷனில் காட்சியறை திறக்கப் போகிறோம், அதில் முழுப் பாதையும் மேசைமேல் ஓட வேண்டும், இவ்வளவு பொடிவேலை செய்கிற கை இந்த மலையில் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது என்று அவர் வந்து சொன்னபோது பிலவேந்திரன் உச்சி குளிர்ந்துபோனார், குளிர்ந்துபோய்த் தலையாட்டிவிட்டார். பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டரில் மலையை வார்த்தார். ஈறுக்குப் போடும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் பழுப்பைக் கலந்து ஓட்டுக்கூரை செய்தார். பல் வைத்த நடுத் தண்டவாளத்தைப் பல் செட்டின் சட்டத்துக்கு உருக்குகிற அதே உலோகத்தில் துண்டு துண்டாக வார்த்து, ஒவ்வொரு துண்டையும் பஃப் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடியாகப் பளபளக்க வைத்தார், ஏனென்றால் பிலவேந்திரன் செய்கிற பல் நாக்கில் உறுத்தாது, கன்னத்தைக் கிழிக்காது என்று சுற்றுவட்டாரமெல்லாம் அவருக்கு நல்ல பேர்.

ஆனால் வண்டி ஏறவில்லை. மணலடியிலிருந்து வேங்கைமேடு வரை சமத்தாக வரும்; வேங்கைமேட்டைத் தாண்டிச் செங்குத்து தொடங்கியதும் முனகும்; அம்மிப்பாறை வளைவுக்கு வந்ததும் பல்சக்கரம் கறகறவென்று நின்ற இடத்திலேயே சுற்றும், பிறகு வண்டி மொத்தமும் வந்த வழியே வழுக்கிக்கொண்டு கீழே போய் மணலடி ஸ்டேஷன் சுவரில் முட்டும். மோட்டாரை மாற்றினார். இன்ஜினுக்குள் ஈயத்தை வைத்துக் கனமாக்கினார். பெட்டிகளைச் சுரண்டி இளைக்க வைத்தார். வளைவையே உடைத்து மறுபடி வார்த்தார். வாடிக்கையாளர்கள் பல் இல்லாமல் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருக்க, அவர் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், வண்டி வழுக்கிக்கொண்டே இருந்தது.

இந்த அழகில்தான் பிளாட்பாரத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். வேட்டியும் மப்ளருமாக ஆண்கள், கோணிச்சாக்கைத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்ட தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், கூடையில் கோழியோடு ஒருத்தி, தோல்பை வைத்திருந்த ஒரு கங்காணி. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி சன்னமான குரலில், யார் குனிந்து பார்த்தாலும் அவர்கள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள்: “வண்டி எப்ப சார் வரும்?”

“வரும், வரும்,” என்று முதல் நாள் சொன்னார் பிலவேந்திரன். மறுநாள், “பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்,” என்றார். அடுத்த வாரம், “என்ன கேட்டா? நானா ரயில்வே?” என்று கத்தினார். அவர்கள் மறுபடியும் அதையே கேட்டார்கள்.

ஞானப்பிரகாசம் வந்து பார்த்தார். குடை நுனி பிளாட்பாரத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது.

“மிஸ்டர் பிலவேந்திரன், தூவானத்துல விளக்குக் கம்பம் இடது பக்கம். நீங்க வலது பக்கம் நட்டிருக்கீங்க.”

“சார், வண்டியே ஏற மாட்டேங்குது. அதுல இவங்க வேற.”

“யாரு இவங்க?”

“தெரியலைங்க சார். வந்தாங்க, நிக்கிறாங்க.”

செயலாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “உடுப்பெல்லாம் அந்தக் காலத்துக்குச் சரியாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். கம்பத்தை மாத்திடுங்க,” என்றார்.

அவர்கள் யார் என்று கண்டுபிடித்தவர் மருந்துக்கடை சுந்தரேசன். கடைவாய்ப் பல்லுக்காக வந்தவர் பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, வீங்கிய கன்னத்தோடு வெகுநேரம் குனிந்தபடியே நின்றார். தூண் ஓரத்தில், தலைக்கு எண்ணெய் வழியவிட்டு, கோடுபோட்ட சட்டையில் சுருள்முடியோடு நின்ற இளைஞன் அவர்தான். மலை சரிந்த அன்று மணலடிக்குப் பெண் பார்க்கக் கிளம்பியிருந்தார், வண்டி வரவில்லை, ரோடும் மூடிக் கிடந்தது, பெண் வீட்டார் சகுனம் சரியில்லை என்று வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். சுந்தரேசன் இப்போது பேரன் எடுத்தவர், வழுக்கையர். “சட்டையை உள்ள விடுடா, தடியா,” என்று அந்த இளைஞனை அதட்டினார். அவன் நிமிர்ந்து பார்த்து வண்டி எப்போது வரும் என்று கேட்டான்.

அதன்பிறகு ஊருக்கு விளங்கிவிட்டது. அன்று தூவானத்தில் நின்றவர்கள் யாரும் சாகவில்லை, இருட்டுகிற வரை நின்றுவிட்டு வீடு திரும்பினார்கள், பிறகு ஒவ்வொருவராக மலை இறங்கி வேங்கைமேட்டில் குடியேறினார்கள், கல்யாணம் செய்தார்கள், சர்க்கரை வியாதி வந்தது. ஆனால் அவர்கள் காத்திருந்த காத்திருப்பு மட்டும் அவர்களோடு இறங்கி வரவில்லை, அது பாட்டுக்கு அங்கேயே நின்றுகொண்டிருந்தது, நிற்க ஒரு பிளாட்பாரம் இல்லாமல் இத்தனை காலம் உண்ணிச்செடிக்குள் கிடந்துவிட்டு, பிலவேந்திரன் ஒன்றைக் கட்டியதும் வந்து ஏறிக்கொண்டது. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று ஊர் கேட்டது. சந்தைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் பின்னறைக்குள் நுழைந்து தங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்படி ஒல்லியாக இருந்தேனே என்று சிலர் கண் கலங்கினார்கள், இந்தச் சேலையை யாருக்குக் கொடுத்தோம் என்று இரண்டு சகோதரிகள் அங்கேயே சண்டை பிடித்தார்கள். டீக்கடை மாணிக்கம் பேனா மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தனுப்பினார். பங்குச்சாமியார் ஞாயிறு மன்றாட்டில் பயணிகளுக்காக என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். கூடையிலிருந்த கோழி அரிசி மணி அளவுக்கு முட்டையிட்டதாகவும் அதைத் தின்றவனுக்குத் தும்மல் நின்றதாகவும் பேச்சு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் போகும்போது தவறாமல் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள்: “சீக்கிரம் முடிங்க பிலவேந்திரன், பாவம் நிக்கிறாங்க.”

சும்மாவா இருந்தார் மனுஷன். ஒருவனைப் பல் பிடுங்கிய ஈறில் பஞ்சு வைக்கிற இடுக்கியால் தூக்கிக் கீழே மணலடியில் இறக்கிவிடப் பார்த்தார். அவன் முழு ஆளின் கனம் இருந்தான், இடுக்கிதான் வளைந்தது. ஒரு பெட்டியைக் கையால் எடுத்து நேராகத் தூவானம் பிளாட்பாரத்தில் கொண்டுபோய் வைத்தார். அவர்கள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஒருவர்கூட ஏறவில்லை. ஆகாயத்திலிருந்து இறங்கிய பெட்டியை நம்பி யார் பெண்டு பிள்ளைகளோடு ஏறுவார்கள்? வண்டி பாதையில் வர வேண்டும், கூவிக்கொண்டு வர வேண்டும், பெட்டி முன்னாலும் இன்ஜின் பின்னாலுமாக வர வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த வண்டி அதுதான்.

ஊரே வந்து பார்த்த அந்தப் பின்னறைக்குள் கால் வைக்காதவள் அவர் மனைவி ரெஜினா. லேப்பின் முன்னறையில் உட்கார்ந்து மெழுகு உருக்குவாள், பல் வரிசை அடுக்குவாள், போன் வந்தால் எடுப்பாள். அவள் போன் எடுப்பதை வேங்கைமேட்டில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் வெடுக்கென்று பேசுகிற பெண்பிள்ளை, போனைக் காதில் வைத்ததும் குரலை இறக்கி, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைக்கிற மாதிரி, “வணக்கம், பிலவேந்திரன் பல் லேப், சொல்லுங்க,” என்பாள். அவள் தூவானத்துப் பெண். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்ததாகவும் போய்ச் சேர முடியாமல் போனதாகவும் கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

பிளாட்பாரத்தில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இடது பக்கத்துக்கு மாற்றிய விளக்குக் கம்பத்தின் கீழ் ஒரு பெண்ணைப் பார்த்தார். இரட்டைச் சடை, ரிப்பன், பக்கத்தில் பச்சை டிரங்குப் பெட்டி. ஒரு காலில் நின்றுகொண்டு மற்றக் காலின் கட்டைவிரலால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். அந்தப் பெட்டி அவர் வீட்டுப் பரணில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு இருக்கிறது. அப்படிச் சொறிந்துகொண்டுதான் ரெஜினா இன்று காலையில்கூடத் தோசை ஊற்றினாள்.

“வண்டி எப்ப சார் வரும்?” என்றாள் அந்தப் பெண்.

பிலவேந்திரன் பிரஷ்ஷை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். “தூவானத்துல இருந்தப்ப நீ எங்கயாச்சும் கெளம்பினியா?” என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டார்.

ரெஜினா மெழுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் எங்கயும் போகல,” என்றாள்.

அன்றிலிருந்து அவருக்கு இரட்டைத் துன்பம். வண்டி வந்து அந்தப் பெண் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. சலூன் தேவராஜ், காத்திருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான், பிடித்த தலைவலி விட்டது மாதிரி இருக்கும் என்றான். டீக்கடை மாணிக்கம் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு ஏறியிருந்தால் சுந்தரேசன் அண்ணாச்சிக்கு வேறு பெண்டாட்டி, வேறு பிள்ளைகள்தானே, ஏறின பிறகு இப்போது இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். அந்தக் கேள்வி பிலவேந்திரனின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண் வண்டி ஏறி, மணலடியில் இறங்கி, எக்ஸ்சேஞ்சுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், தன் வீட்டில் யார் இருப்பார்கள்? அவர் பயந்தார். வண்டி அம்மிப்பாறை வளைவில் வழுக்கும்போதெல்லாம், ஆண்டவரே தப்பித்தேன் என்று ஒரு நிம்மதி வந்தது. வேலை தெரிந்தவன் தன் வேலை தோற்பதைப் பார்த்து நிம்மதிப்படுவதா என்று அந்த நிம்மதியின் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் மறுபடியும் மோட்டாரைக் கழற்றினார், மறுபடியும் வழுக்கியது, மறுபடியும் நிம்மதி. இப்படியும் ஒரு மனுஷன் நாறுவானா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள், ஒரு காலத்தில் லாரி ஓட்டிய பொன்னுரங்கம் இறந்துபோனார். ஊரே பின்னறைக்கு வந்து போனபோதும் அவரும் வந்ததில்லை; நான் அங்க நின்னது எனக்குத் தெரியும், நான் எதுக்குப் போய்ப் பாக்கணும் என்று சொல்லிவிட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய சம்சாரம் வெள்ளையம்மா தனியாக வந்தார். மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தைத் தேடினார். கடைசியில், டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில், துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு சின்னப் பொன்னுரங்கம் மழைக்கு ஒதுங்கி நின்றார். ஆளைப் புதைத்தாகிவிட்டது, இவர் போகவில்லை.

“தம்பி,” என்றார் வெள்ளையம்மா. “நான் மணலடி ஆஸ்பத்திரியில பொண்ணப் பெத்துட்டு, சொல்லி அனுப்பிட்டு, வாசலையே பாத்துட்டுக் கெடந்தேன். இவரு வரல. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குக் கெளம்புறப்ப சேறும் சகதியுமா நடந்து வந்து நின்னாரு. அன்னைக்கே ஸ்டேசனுக்குப் போயிட்டேன், வண்டி வரலன்னாரு. நான் நம்பல. எங்கயோ குடிச்சிட்டுக் கெடந்துட்டுப் பொய் சொல்றேன்னு சொன்னேன். சாகுற வரைக்கும் அத விடாம சொல்லிக் காட்டினேன் தம்பி. பையில பாருங்க, ஆரஞ்சுப்பழம் வாங்கி வெச்சிருக்காரு.”

பிலவேந்திரன் பார்த்தார். பைக்குள் கடுகு மாதிரி நாலைந்து பழங்கள் மஞ்சளாகத் தெரிந்தன.

“செத்தும் நிக்கிறாரே. வண்டிய வரவைங்க தம்பி. போய்ப் பிள்ளையப் பாத்துட்டுப் போகட்டும்.”

வெள்ளையம்மா அழுதுகொண்டே போனார். வாசலில் டீ டம்ளர்களோடு நின்றிருந்த ரெஜினா அவருக்கு வழிவிட்டாள். பிறகு, முதல்முறையாக, பின்னறைக்குள் வந்தாள். டம்ளர்களை மலையின் மேல், மேய்ச்சல் நிலத்தில், வைத்தாள். தூவானத்தின் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக அம்மிப்பாறை வளைவுக்குக் குனிந்து, நடுத் தண்டவாளத்தின் பற்களின் மேல் விரலை ஓட்டினாள்.

“இத என்னத்துக்கு இப்படிப் பாலிஷ் போட்டு வெச்சிருக்கீங்க? வாய்க்குள்ளயா வெக்கப் போறீங்க?”

பிலவேந்திரனும் தொட்டுப் பார்த்தார். மழமழவென்று இருந்தது. ஒவ்வொரு பல்லின் முனையும் நாக்கில் உறுத்தாதபடி, கன்னத்தைக் கிழிக்காதபடி, அருமையாக உருண்டிருந்தது. இந்தப் பல்லை எந்தச் சக்கரம் கடித்துப் பிடிக்கும்? எத்தனை மோட்டார், எத்தனை ஈயம், எத்தனை நாள் கத்தல். அவருக்கு முகம் எரிந்தது.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மொதத் துண்ட நீங்க பஃப்ல பிடிச்சப்பவே தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்ல? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பாடு நான் பட்டிருப்பேனா?”

“சொல்லியிருக்கலாம்,” என்றாள் ரெஜினா. “மேல வரைக்கும் கட்டப் போறீங்கன்னு தெரிஞ்சதும் சொல்லத் தோணல. வண்டி வந்தா அவ போயிருவா. அவ அங்க நிக்கிறவரைக்கும், இன்னும் போகலாம்னு ஒண்ணு எனக்கு இருந்துச்சு.”

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. “அந்தப் பொட்டிக்காரப் பொண்ண நானும் பாத்தேன்,” என்றார் பிலவேந்திரன்.

“தெரியும். வாசல்ல நின்னு பாத்தேன். எல்லாருக்கும் தூசி தட்டுறீங்க, அவ நிக்கிற எடத்த மட்டும் சுத்திக்கிட்டுப் போறீங்க.”

“அவ போயிட்டா நீ இருப்பியா?”

“அத நான் எப்படிங்க சொல்றது? நானும் இதுக்கு முன்னால போனதில்லையே.”

அவருக்கு அப்போது வந்த கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. மேசைமேல் இருந்த எல்லாவற்றையும் வாரித் தள்ளிவிடலாம் போல இருந்தது. டிக்கெட் ஜன்னல் பக்கம் பொன்னுரங்கம் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிலவேந்திரன் டிராயரை இழுத்து, முக்கோண அரம் இரண்டை எடுத்து, ஒன்றை ரெஜினாவிடம் நீட்டினார்.

தன் பேரையெல்லாம் சம்பாதித்துக் கொடுத்த வழவழப்பைத் தானே அராவி எடுப்பது பல் வேலைக்காரனுக்கு லேசான காரியமில்லை. அவர் கீழிருந்து மேலே வந்தார், அவள் மேலிருந்து கீழே வந்தாள்; பல் பல்லாக முனை தீட்டினார்கள், விரலில் குத்தி ரத்தம் வந்தால் சரி என்று அடுத்த பல்லுக்குப் போனார்கள்; பல்லுக்கு ஆள் வந்தால் நாளைக்கு என்றார்கள், நாளைக்கு வந்தவர்களிடமும் நாளைக்கு என்றார்கள். அம்மிப்பாறை வளைவில் இரண்டு அரமும் சந்தித்தபோது அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அவள் தூளை ஊதிவிட்டுக் கை கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் நேராக அங்கே வந்தது. சுந்தரேசன் மடிப்புக் கலையாத சட்டையை உள்ளே விட்டு வந்திருந்தார். வெள்ளையம்மா மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிலவேந்திரன் சுவிட்சைத் தட்டினார். வண்டி மணலடியை விட்டது, வேங்கைமேட்டில் நின்று புறப்பட்டது, செங்குத்தில் முனகியது, அம்மிப்பாறை வளைவில் தயங்கியது, ஊர் மூச்சைப் பிடித்தது, சக்கரம் நறுக்கென்று ஒரு பல்லைக் கடித்தது, அப்புறம் அடுத்ததை, அப்புறம் அடுத்ததை, பெட்டி முன்னாலும் இன்ஜின் பின்னாலுமாக, அவர் வைக்காத ஒரு விசிலை ஊதிக்கொண்டு, தூவானம் போய் நின்றது.

பிளாட்பாரத்தில் எழுந்த சத்தம் கொசுக்கூட்டம் மாதிரி இருந்தது. கோழிக்காரி முதலில் ஏறினாள். கோடுபோட்ட சட்டைக்காரன் ஏறும்போது படியில் தடுக்கினான், சுந்தரேசன் இங்கே நின்று தன் முட்டியைத் தடவிக்கொண்டார். பொன்னுரங்கம் பையை முன்னால் நீட்டிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி ஏறினார். பச்சைப் பெட்டிக்காரப் பெண் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டு நின்றாள். அண்ணாந்து, பிலவேந்திரனைத் தாண்டி, அவருக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தாள்.

“இந்த வண்டி மணலடி போகுமா?”

ரெஜினா குனிந்தாள். போன் எடுக்கிற குரலில், ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்து, “போகும். ஏறிக்கோங்க,” என்றாள்.

வண்டி இறங்கியது. மணலடி ஸ்டேஷன் கேட்டுக்கு அப்பால் மேசை முடிந்துவிடும், அதற்கப்பால் ஜன்னல்தான். இறங்கியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஒருவர் பின் ஒருவராகக் கேட்டைத் தாண்டினார்கள், தாண்டியவரை அப்புறம் காணவில்லை. கடைசிப் பயணி போனதும் பின்னறையில் ஆரஞ்சுத் தோலை உரித்த வாசனை வந்தது. வெள்ளையம்மா மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “பாத்துட்டாரு,” என்றார்.

ஞானப்பிரகாசத்துக்குத்தான் பொறுக்கவில்லை. “என்ன மிஸ்டர் பிலவேந்திரன், எல்லாரையும் அனுப்பிட்டீங்க? காட்சியறைக்கு வர்றவன் காலிப் பிளாட்பாரத்தையா பாப்பான்?” என்று குடையால் தரையைத் தட்டிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு பிலவேந்திரன் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் ஓடினார். ரெஜினா அடுப்படியில் இருந்தாள். ஒரு காலில் நின்று சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இருக்கிறாள். எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. சொல்லப்போனால் சப்பென்றுகூட இருந்தது. இதற்கா இத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தோம் என்று தோன்றியது.

முன்னறையில் போன் அடித்தது. அவள் எடுப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் மாவுக்கையைக் காட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே போய் அவர்தான் எடுத்தார்.

“வணக்கம்,” என்றது ஒரு இளம்பெண்ணின் குரல், குரலை இறக்கி, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து. “தூவானம் ரெஜினாவுக்கு ட்ரங்க் கால். லைன்ல இருக்காங்களா?”

அந்தக் குரலை அவருக்குத் தெரியாதா? “இருக்காங்க,” என்றார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “ரெஜினா, உனக்குத்தான்.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சிரித்தாள், அவர் இத்தனை வருஷத்தில் கேட்டிராத ஒரு சிரிப்பு, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசத் தொடங்கினாள், அப்படியா, அப்புறம், நெஜமாவா என்று. பிலவேந்திரன் பக்கத்தில் நின்றார். அவள் அவரைப் பார்க்காமலே, கொஞ்சம் அப்பால் போங்கள் என்று கையால் சைகை செய்தாள். அவர் அப்பால் போனார், திரும்பி வந்தார், கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார், ஒரு சொல்லும் காதில் விழவில்லை. அடுப்படியில் மாவு காய்ந்துகொண்டிருந்தது. பொருமிக்கொண்டே பின்னறைக்குப் போனார்.

தூவானம் காலியாக இருந்தது, மணலடி காலியாக இருந்தது. நடுவில், வேங்கைமேடு பிளாட்பாரத்தில், யாரோ ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். காலையில் இல்லாத ஆள். பிளாஸ்டர் வெள்ளை படிந்த ஏப்ரன், சட்டைப்பையில் முக்கோண அரம், முன்நெற்றியில் ஏறிய வழுக்கை. கையைக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எங்கே பார்த்தாலும் பிலவேந்திரனுக்குத் தெரியும்.

குனிந்தார். அந்த ஆள் அண்ணாந்து, வண்டி எப்போது வரும் என்று கேட்டான்.

முன்னறையில் ரெஜினா மறுபடியும் சிரித்தாள்.

“இரு,” என்றார் பிலவேந்திரன். “அவ பேசி முடிக்கட்டும்.”